நீலகிரியிலிருந்து அரசியலும் பன்னாட்டு உறவுகளும் படிக்கப் போகிறவர்களுக்கு

கூடலூர், பந்தலூர், கோத்தகிரி வட்டாரங்களில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்து, அரசியல் அறிவியலோ பன்னாட்டு உறவுகளோ படிக்க விரும்பும் மாணவர்கள் ஆண்டுதோறும் சிலராவது என்னிடம் வருகிறார்கள். உடன் வரும் பெற்றோர் வேலையைப் பற்றிக் கேட்கிறார்கள்; மாணவர்கள் எந்தக் கல்லூரி என்று கேட்கிறார்கள். இரண்டுக்கும் பின்னால் பதில் சொல்கிறேன். அதற்கு முன்பு, இந்தப் படிப்பில் என்ன படிக்கப் போகிறோம் என்பது தெளிவாக வேண்டும். ஒரு முடிவை யார் எடுத்தார், எந்த அதிகாரத்தின் பேரில் எடுத்தார், அதனால் யாருடைய வாழ்வு மாறியது, அவர்களிடம் யாராவது ஒரு வார்த்தை கேட்டார்களா என்ற கேள்விகளை ஒழுங்காகக் கேட்கவும், கிடைக்கும் சான்றுகளைக் கொண்டு பதில் எழுதவும் பழகுவதே இந்தப் படிப்பு. செய்தித்தாள் வாசிப்பதும் தலைவர்களின் பெயர்களை நினைவில் வைத்துக்கொள்வதும் இதற்கு உதவலாமே தவிர, அவற்றோடு நின்றுவிடுகிறவர் மூன்றாண்டு முடிந்தாலும் வாசலிலேயேதான் நிற்பார்.

நான் இந்தத் துறையின் முதல் பாடத்தைப் பந்தலூருக்கு அருகில், டேன்டீ என்னும் தமிழ்நாடு அரசு தேயிலைத் தோட்டக் கழகத்தின் தோட்டத்தில், தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய லைன் வீடொன்றில் கற்றேன். பள்ளியில் ஒரு பையன் என்னை "அகதி" என்று அழைத்ததை வீட்டில் வந்து சொன்னபோது, கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துக்கொண்டிருந்த அப்பாயி, "நாம அகதி இல்ல கண்ணு, ஒப்பந்தத்துல வந்தவங்க" என்றார். அந்த இரண்டு சொற்களுக்கும் இடையில் எவ்வளவு சட்டமும் வரலாறும் இருக்கின்றன என்பது பல ஆண்டுகள் கழித்துத்தான் எனக்குப் புரிந்தது. ஒப்பந்தத்தில் வந்தவர்கள், அரசின் சொல்லில் "தாயகம் திரும்பியோர்", இந்திய, இலங்கை அரசுகள் செய்துகொண்ட உடன்பாட்டின்படி இந்தியக் குடியுரிமை பெற்று, இலங்கையிலிருந்து இந்தியக் கடவுச்சீட்டுடன் கப்பலேறியவர்கள். 1983 ஜூலையில் இலங்கையில் நடந்த கலவரத்துக்குப் பின் உயிர் தப்பி வந்து முகாம்களில் பதிந்துகொண்டவர்கள் ஏதிலியர், அதாவது அகதிகள். முதல் வகையினருக்கு வாக்குரிமை உண்டு. இரண்டாம் வகையினரில் பெரும்பாலோருக்குப் பல்லாண்டுகளாகியும் இந்தியக் குடியுரிமை இல்லை. 1951ஆம் ஆண்டின் ஐ.நா. அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா இணையவில்லை என்பதால், அவர்களின் நிலை பெரும்பாலும் அரசின் நிர்வாக முடிவுகளைச் சார்ந்தே இருக்கிறது. கடைவீதியில் இரு சாராரையும் "சிலோன்காரர்" என்றே சொல்வார்கள். வகுப்பறையில் அப்படிச் சொல்ல முடியாது. ஒரு சொல்லை அதன் சரியான எல்லைக்குள் வைத்துப் பயன்படுத்தும் இந்தக் கவனத்தை முதல் ஆண்டிலேயே பழகிக்கொள்ளுங்கள்.

ஒரே நிகழ்வைப் பல தாள்களாகப் பார்த்தல்

கல்லூரியில் பாடத்திட்டத்தைக் கையில் வாங்கியதும் அரசியல் கோட்பாடு, இந்திய அரசமைப்பு, ஒப்பீட்டு அரசியல், பொது நிர்வாகம், பன்னாட்டு உறவுகள் என்று தாள்கள் தனித்தனியாகத் தெரியும். அவற்றைத் தனித்தனியாகவே படித்து, தனித்தனியாகவே மறந்துவிடுகிறவர்கள் அதிகம். அப்படி ஆகாமலிருக்க நான் சொல்லும் வழி ஒன்று உண்டு. உங்களுக்கு நெருக்கமான ஒரு நிகழ்வைத் தேர்ந்துகொண்டு, மூன்று ஆண்டுகளும் ஒவ்வொரு தாளையும் அதன்மேல் வைத்துப் பாருங்கள். நான் வைத்துப் பார்த்தது 1964 ஒப்பந்தம்.

1964 அக்டோபர் 30 அன்று புது தில்லியில் இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் கடிதப் பரிமாற்றமாக அந்த உடன்பாட்டைச் செய்துகொண்டார்கள். இலங்கையில் வாழ்ந்த, இரு நாடுகளிலும் குடியுரிமை ஏற்கப்படாத இந்திய வம்சாவளியினர் 9,75,000 பேர் என்று கணக்கிட்டு, 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பது, மீதி 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு முடிவு செய்வது, இதைப் பதினைந்து ஆண்டுகளில் நிறைவேற்றுவது என்று எழுதினார்கள். அந்த மீதியை 1974இல் இந்திரா காந்தியும் சிறிமாவோவும் ஆளுக்கு 75,000 என்று சரிபாதியாகப் பிரித்துக்கொண்டார்கள்.

இந்தப் பத்தியை அரசியல் கோட்பாட்டுத் தாளின்மேல் வைத்தால் எழும் கேள்வி, குடிமகன் என்பவர் யார் என்பது. பிறந்த மண்ணா, பெற்றோரின் ஊரா, உழைத்த ஆண்டுகளா, எது ஒருவரை ஒரு நாட்டுக்கு உரியவராக்குகிறது? அவருடைய ஒப்புதல் இல்லாமல் அதை மாற்றலாமா? ஒதுக்கிய 3,00,000 என்ற எண்ணிக்கையைவிட மிக அதிகமானோர் இலங்கைக் குடியுரிமை கேட்டு விண்ணப்பித்தார்கள் என்பதையும் இலங்கையின் தோட்டப் பகுதியான மலையகத்தின் தமிழர் தலைவர் சௌ. தொண்டமான் இந்த ஒப்பந்தத்தை எதிர்த்தார் என்பதையும் இந்தக் கேள்விக்குப் பக்கத்தில் எழுதி வையுங்கள்.

ஒப்பீட்டு அரசியல் தாள் உங்களை 1948க்கு அழைத்துச் செல்லும். 1931 முதல் எல்லாருக்கும் வாக்குரிமை தந்திருந்த ஒரு நாடு, விடுதலை பெற்ற அதே ஆண்டில் குடியுரிமைச் சட்டம் இயற்றித் தோட்டத் தொழிலாளர்களில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. அடுத்த ஆண்டு அவர்களின் வாக்குரிமையும் போயிற்று. 1947 தேர்தலில் மலையகத் தொகுதிகளில் அவர்களின் பிரதிநிதிகள் வென்றிருந்தார்கள் என்பதைச் சேர்த்துப் பார்க்கும்போது, தேர்தல் கணக்குக்கும் குடியுரிமைச் சட்டத்துக்கும் உள்ள தொடர்பு புலப்படும். பெரும்பான்மை வாக்கினால் அமைந்த நாடாளுமன்றம் சிறுபான்மையின் வாக்கையே பறிக்கலாமா என்ற கேள்வி இலங்கையோடு முடிந்துவிடுவதில்லை.

இந்திய அரசமைப்புத் தாளில் ஏழாவது அட்டவணையைத் திறந்து ஒன்றியப் பட்டியலின் 14ஆம் பதிவைப் பாருங்கள். பிற நாடுகளுடன் ஒப்பந்தம் செய்வதும் அதை நிறைவேற்றுவதும் ஒன்றிய அரசின் அதிகாரம் என்று அங்கே இருக்கும். 253ஆம் உறுப்பு, அதை நிறைவேற்றுவதற்கு மாநிலப் பட்டியலில் உள்ள பொருள்களிலும் சட்டம் இயற்ற நாடாளுமன்றத்துக்கு இடம் தருகிறது. கையெழுத்து தில்லியில் போடப்பட்டது. வந்திறங்கியவர்களுக்கு வீடும் வேலையும் தேட வேண்டிய பொறுப்பில் பெரும்பங்கு தமிழ்நாட்டின் தலையில் விழுந்தது. கூட்டாட்சி என்பதை வரையறையாக மனப்பாடம் செய்வதைவிட இந்த ஒரு உண்மையிலிருந்து அதை நன்றாகப் புரிந்துகொள்ளலாம். 1968இல் அரசுத் தேயிலைத் திட்டம் தொடங்கி, பின்னர் அது தமிழ்நாடு அரசு தேயிலைத் தோட்டக் கழகமாகி, தாயகம் திரும்பியோருக்கு வேலை கொடுத்த கதை பொது நிர்வாகத் தாளுக்கு உரியது. ஒரு மறுவாழ்வுத் திட்டத்தை இலாப நட்டக் கணக்குப் பார்க்கும் நிறுவனமாக நடத்தும்போது, நட்டம் வரும் ஆண்டுகளில் மறுவாழ்வு என்ன ஆகிறது என்று கேட்டுப் பாருங்கள். கோத்தகிரியிலும் கூடலூரிலும் இதற்குப் பதில் சொல்லக்கூடியவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

பன்னாட்டு உறவுக் கோட்பாட்டைக் கையாளுதல்

மாணவர்கள் மிகவும் அஞ்சுவது கோட்பாட்டுத் தாளுக்குத்தான். யதார்த்தவாதம், தாராளவாதம் என்று பெயர்களும், ஒவ்வொன்றின் கீழும் ஐந்து கூறுகளும் எழுதிக் கொடுக்கப்படும். அவற்றை அப்படியே தேர்வில் எழுதிவிட்டு மறந்துபோவார்கள். கோட்பாடு என்பது ஒரு கேள்விக்குப் பதிலாக எழுந்தது என்பதை நினைவில் வைத்தால் அச்சம் குறையும். கென்னத் வால்ட்ஸ் என்ற அமெரிக்க அறிஞர் 1959இல், போர் ஏன் நேர்கிறது என்பதற்குத் தத்துவ அறிஞர்கள் சொன்ன பதில்களை மூன்று தளங்களாகப் பிரித்தார்: மனிதரின் இயல்பு, அரசின் உள்ளமைப்பு, அரசுகளுக்கு மேலே அதிகாரம் எதுவும் இல்லாத உலக அமைப்பு. போருக்காகச் சொன்னது என்றாலும் இந்தப் பிரிவினையை வேறு முடிவுகளுக்கும் பயன்படுத்தலாம்.

1964க்கே பயன்படுத்திப் பார்ப்போம். மனிதர் என்ற தளத்தில், இலங்கையில் பிறந்து வாழ்ந்தவர்கள் இலங்கையின் பொறுப்பு என்று நெடுங்காலம் வாதாடிய நேரு 1964 மே 27 அன்று மறைந்தார். ஐந்து மாதங்களில் சாஸ்திரி கையெழுத்திட்டார். அரசின் உள்ளமைப்பு என்ற தளத்தில், சிறிமாவோவின் அரசு அந்த ஆண்டு ஜூனில்தான் இடதுசாரிக் கட்சியொன்றைச் சேர்த்துக் கூட்டணியாகியிருந்தது. சிங்கள வாக்காளர்களிடம் காட்ட அவருக்கு ஒரு வெற்றி தேவையாக இருந்திருக்கலாம். உலக அமைப்பு என்ற தளத்தில், 1962இல் சீனாவுடன் நடந்த போரில் தோற்ற இந்தியாவுக்கு அண்டை நாடுகளின் நல்லெண்ணம் விலைமதிப்புள்ளதாக இருந்தது. அந்தப் போருக்குப் பின் 1962 டிசம்பரில் அணிசேரா நாடுகள் ஆறின் மாநாட்டைக் கொழும்பில் கூட்டிச் சமரசம் பேச முயன்றவர் சிறிமாவோதான். மூன்று விளக்கங்களும் பொருந்துவதுபோலத் தோன்றும். எது அதிக எடை தாங்குகிறது என்று முடிவு செய்வதும், அதற்கு என்ன சான்று வேண்டும் என்று சொல்வதும் உங்கள் வேலை. பல மாணவர்கள் மூன்றையும் எழுதி, "இவை அனைத்தும் காரணங்களாகும்" என்று முடித்துவிடுகிறார்கள். ஏற்பாடு செய்த விருந்தில் இலை போட்டு எழுப்பிவிடுவதற்கு ஒப்பானது அது. கருத்து அங்கேதான் தொடங்க வேண்டும்.

ஒப்பந்தத்தோடு தொடர்பில்லாத குடும்பத்து மாணவர்களுக்குப் பச்சை இலை விலையைப் பரிந்துரைப்பேன். படுகர் ஊர்களில் சிறு தேயிலை விவசாயியிடம் விலை ஏன் விழுந்தது என்று கேட்டால், ஒருவர் ஃபேக்டரிக்காரரைச் சொல்வார், ஒருவர் குன்னூர்த் தேயிலை ஏலத்தைச் சொல்வார், வயதான ஒருவர் ரஷ்யாக்காரர் வாங்காமல் போனதைச் சொல்வார். நீலகிரித் தேயிலைக்குப் பெரிய வாடிக்கையாளராக இருந்த சோவியத் ஒன்றியம் 1991இல் கலைந்ததும், ரூபாய்க் கணக்கில் நடந்துவந்த அந்த வணிகமும் குலைந்தது. பிறகு 1998 டிசம்பரில் கையெழுத்தாகி 2000இல் நடைமுறைக்கு வந்த இந்திய–இலங்கைத் தடையற்ற வணிக ஒப்பந்தத்தைப் பற்றி இங்கே பெரும் அச்சம் எழுந்தது. அந்த ஒப்பந்தத்தின் முன்னுரையை மட்டும் படித்தால் எல்லாப் பொருளும் தடையின்றி வரும் என்று தோன்றும். தேயிலைக்கென்று தனியாக எழுதியிருப்பதைப் படித்தால், ஆண்டுக்கு 1.5 கோடி கிலோ என்ற வரம்புக்குள்தான் வரிச்சலுகை என்று தெரியவரும். அந்த வரம்பு உண்மையில் எந்த அளவுக்குப் பயன்படுத்தப்பட்டது என்று ஆண்டுவாரியாகத் தேடித் தொகுத்தால், ஓர் இளங்கலை மாணவருக்கு அருமையான ஆய்வுக் கட்டுரை கிடைத்துவிடும். ஒப்பந்தங்களில் உயிர் பின்னிணைப்பில் இருக்கிறது என்பதை இப்படித்தான் கற்க முடியும்.

எங்கே, எந்தப் பட்டம்

என் கருத்தை வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். இளங்கலையில் அரசியல் அறிவியலை அகலமாகப் படியுங்கள். பன்னாட்டு உறவுகளை முதுகலையில் ஆழமாகப் படியுங்கள். பதினேழு வயதில் பன்னாட்டு உறவுகள் என்ற பெயரின் கவர்ச்சியால் சேர்ந்து, அரசமைப்பையும் கோட்பாட்டையும் மேலோட்டமாகக் கடந்து வந்தவர்கள் பின்னால் தடுமாறுவதைக் கண்டிருக்கிறேன். பட்டத்தின் பெயரைப் பார்ப்பதற்கு முன் தாள்களின் பட்டியலைக் கேட்டு வாங்குங்கள். வரலாறோ பொருளியலோ துணைப்பாடமாகக் கிடைக்குமா, கடைசி ஆண்டில் ஆய்வேடு எழுத வைப்பார்களா, நூலகத்தில் மாணவர்கள் அலமாரியருகே சென்று தாங்களே எடுத்துப் படிக்கலாமா என்ற மூன்றையும் விசாரியுங்கள். கட்டடத்தைவிட இவை முக்கியம்.

தமிழ்நாட்டில் அரசு கலை அறிவியல் கல்லூரிகளுக்கு ஒரே இணைய விண்ணப்பத்தின் வழி சேரலாம். பன்னிரண்டாம் வகுப்பில் எந்தப் பிரிவு எடுத்தவரும் பொதுவாக இப்பாடத்தில் சேர முடியும். சென்னையில் மாநிலக் கல்லூரியிலும் தாம்பரம் கிறித்தவக் கல்லூரியிலும் இப்பாடத்துக்கு நீண்ட மரபு உண்டு. முதுகலைக்குச் சென்னைப் பல்கலைக்கழகம், புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தின் அரசியல் மற்றும் பன்னாட்டு ஆய்வுகள் துறை, மலையிறங்கினால் அருகிலுள்ள கேரளத்தில் கோட்டயம் மகாத்மா காந்தி பல்கலைக்கழகம், தில்லியில் ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகம் ஆகியவை இருக்கின்றன. 1955இல் தனி நிறுவனமாகத் தொடங்கி 1970இல் ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தோடு இணைந்த பன்னாட்டு ஆய்வுப் பள்ளி, இந்தியாவில் இத்துறையின் மூத்த இல்லம். தில்லியிலேயே உள்ள தெற்காசியப் பல்கலைக்கழகத்தில் இலங்கை, நேபாளம், வங்கதேச மாணவர்களுடன் ஒரே பெஞ்சில் அமர்ந்து படிக்கலாம். நம்மைப் போன்ற குடும்பத்திலிருந்து போகிறவருக்கு அது தனி அனுபவமாக இருக்கும். மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கு 2022 முதல் க்யூட் என்னும் பொது நுழைவுத் தேர்வு நடக்கிறது. இளங்கலைக்கான தேர்வைத் தமிழிலும் எழுதலாம்.

அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்த மாணவியருக்குப் புதுமைப் பெண் திட்டத்திலும் மாணவர்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கும். சேர்ந்த வாரத்திலேயே கல்லூரி அலுவலகத்தில் பதிந்துகொள்ளுங்கள். வீட்டை விட்டுப் போக முடியாதவர்கள் இக்னோ என்னும் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் அஞ்சல் வழி படிக்கலாம். அதன் பாடப்பகுதிகளை யார் வேண்டுமானாலும் இணையத்திலிருந்து இலவசமாக இறக்கிக்கொள்ளலாம் என்பதால், வேறு கல்லூரியில் படிப்பவர்களுக்கும் அவை பயன்படும்.

இரண்டு மொழிகளில் படித்தல்

தமிழ்வழியில் படித்துவிட்டு மேலே போகிறவர்களுக்கு ஆங்கிலம் ஒரு மலை. ஆனால் ஏறக்கூடிய மலை. அதற்கு நான் கண்ட சிறந்த கருவி, மேனிலை வகுப்புகளுக்கான தமிழ்நாட்டு அரசியல் அறிவியல் பாடநூல். அது தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒரே பாடமாக வெளிவருகிறது. இரண்டையும் அருகருகே விரித்து, பத்திக்குப் பத்தி ஒப்பிட்டுப் படித்தால், இரண்டு மாதத்தில் துறையின் அடிப்படைச் சொற்கள் எல்லாம் இரண்டு மொழிகளிலும் உங்கள் கைவசம் ஆகிவிடும். ஒரு நோட்டுப் புத்தகத்தில் சொல்லை இரு மொழிகளிலும் எழுதி, அதற்கு நம் மாவட்டத்திலிருந்தே ஓர் எடுத்துக்காட்டு எழுதுங்கள்.

தமிழ்ச் சொற்களிலும் எச்சரிக்கை வேண்டும். பேச்சில் நாம் அரசு, அரசாங்கம், நாடு, தேசம் என்ற நான்கையும் கலந்து பேசுகிறோம். துறையில் அரசு என்பது தொடர்ந்து நிலைக்கும் அமைப்பு; அரசாங்கம் தேர்தலுக்குத் தேர்தல் மாறுவது; தேசம் தங்களை ஒரே மக்கள் என்று கருதுவோரின் கூட்டு; நாடு நிலப்பரப்பையும் சேர்த்துக் குறிப்பது. இலங்கையில் வெளிவந்த தமிழ் நூல்களைப் படிக்கும்போது இறையாண்மை என்பதற்கு இறைமை என்றும், பழைய ஆவணங்களில் குடியுரிமைக்குப் பிரஜாவுரிமை என்றும் காண்பீர்கள். என் அப்பாயி கடைசிவரை பிரஜாவுரிமை என்றுதான் சொன்னார்.

ஆங்கிலக் கட்டுரை ஒன்றைப் படிக்கும்போது முதல் சொல்லிலிருந்து அகராதியோடு போராட வேண்டாம். முதலில் தொடக்கத்தையும் முடிவையும் படித்து, இவர் யாரை மறுக்கிறார் என்று கண்டுபிடியுங்கள். பிறகு முழுவதும் படித்து, கட்டுரையை மூடி வைத்துவிட்டு, அவர் வாதத்தைத் தமிழில் ஒரு பத்தியாக எழுதுங்கள். எழுத முடியாத இடம் எதுவோ அதுதான் உங்களுக்குப் புரியாத இடம். அங்கே மட்டும் மீண்டும் போங்கள்.

ஆவணமும் ஆட்களும்

மலைப்பகுதி மாணவருக்கு நூலகம் தொலைவு என்பது முன்பு பெரிய குறை. இன்று மூல ஆவணங்களில் பெரும்பகுதி இலவசமாகவே கிடைக்கிறது. இந்திய வெளியுறவு அமைச்சகம் இந்தியா செய்துகொண்ட ஒப்பந்தங்களின் வாசகத்தை இணையத்தில் வைத்திருக்கிறது. 1946 டிசம்பர் 9 அன்று தொடங்கிய அரசமைப்பு அவையின் விவாதங்கள், நாடாளுமன்ற விவாதங்கள், ஐ.நா. தீர்மானங்கள், உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள் எல்லாம் கைபேசியிலேயே படிக்கக்கூடியவை. நாடு முழுவதற்கும் காடு என்ற சொல்லுக்குப் பொருள் விரித்த 1996 டிசம்பர் 12 ஆணை, நிலம்பூர் கோவிலகத்தைச் சேர்ந்த கோதவர்மன் திருமுல்பாடு கூடலூர்ப் பகுதிக் காடுகளைப் பற்றித் தொடுத்த வழக்கில் பிறந்தது. ஜன்மம் என்ற பரம்பரை நிலவுடைமையை ஒழிக்க வந்த 1969ஆம் ஆண்டின் ஜன்மம் ஒழிப்புச் சட்டத்தையும், அதன் 17ஆம் பிரிவிலிருந்து வந்து கூடலூரில் எல்லார் வாயிலும் புழங்கும் "செக்‌ஷன் 17 நிலம்" என்ற சொல்லையும் அந்த ஆணையோடு சேர்த்துப் படித்தால், நீதிமன்றம் எப்போது ஆட்சி செய்யத் தொடங்குகிறது என்ற கேள்விக்கு உங்கள் ஊரிலேயே பாடம் கிடைக்கும்.

ஆவணத்தோடு ஆட்களையும் கேளுங்கள். ஆனால் ஒழுங்காகக் கேளுங்கள். எதற்காகக் கேட்கிறீர்கள் என்று முதலிலேயே சொல்லுங்கள். ஒப்புதல் இல்லாமல் பெயர் எழுதாதீர்கள். கண்டியிலிருந்த இந்தியத் தூதரகக் கிளை கொடுத்த பழைய குடும்ப அட்டையைக் காட்டினால் அனுமதி பெறாமல் படம் எடுக்காதீர்கள். பணியர், காட்டுநாயக்கர் பழங்குடிகளின் குடியிருப்புகளுக்குப் போகும்போது இந்தக் கவனம் இருமடங்காக வேண்டும்; கேள்வித்தாளோடு வந்து பதில் வாங்கிப் போய்த் திரும்பி வராதவர்களை அவர்கள் நிறையப் பார்த்துவிட்டார்கள். ஒருவர் நினைவும் ஆவணமும் முரண்படும் இடம் வரும். ஆவணத்தில் விருப்ப விண்ணப்பம் என்று இருக்கும். வயதான அம்மாயி ஒருவர், "கங்காணி சொன்ன எடத்துல கைநாட்டு வச்சோம்" என்பார்; கங்காணி என்பவர் தோட்டத்தில் ஆட்களை மேற்பார்த்தவர். எது உண்மை என்று அவசரப்பட்டு முடிவு செய்யாமல், இரண்டையும் எழுதி, ஏன் முரண்படுகின்றன என்று ஆராயுங்கள்.

எழுதுதல்

நான் பல்கலைக்கழகத்தில் எழுதிய முதல் கருத்தரங்கக் கட்டுரையில், "ஒப்பந்தம் செய்யப்பட்டது, மக்கள் அனுப்பப்பட்டனர், குடியமர்த்தப்பட்டனர்" என்று பக்கம் பக்கமாக எழுதியிருந்தேன். ஆசிரியர் ஒவ்வொரு வரியின் அடியிலும் "யார்?" என்று ஒரே சொல்லை எழுதித் திருப்பிக் கொடுத்தார். செயப்பாட்டு வினை தமிழில் எழுவாயை எளிதாக மறைத்துவிடும். அரசியல் எழுத்தில் எழுவாயை மறைப்பது பொறுப்பை மறைப்பதாகும். அன்றிலிருந்து நான் முதலில் செய்யும் திருத்தம், ஒவ்வொரு வினைக்கும் செய்தவர் யார் என்று எழுதுவதே.

கட்டுரைக்கு ஒரு வாதம் வேண்டும். அந்த வாதம் தவறாக இருக்க வாய்ப்புள்ளதாகவும் இருக்க வேண்டும். "இந்திய–இலங்கை உறவு தொன்மையானது" என்பதை யாரும் மறுக்கப் போவதில்லை. ஆகவே அது வாதம் அல்ல. "1962 போருக்குப் பின் எழுந்த பாதுகாப்புக் கவலையால்தான் இந்தியா 1964இல் மலையகத் தமிழரின் விருப்பத்தைப் பின்னுக்குத் தள்ளியது" என்பது வாதம். அதை எழுதியவர் உடனே எதிர்ச்சான்றைத் தேட வேண்டும். போருக்கு எட்டாண்டு முன்பே, 1954 ஜனவரியில் நேருவும் அன்றைய இலங்கைப் பிரதமர் கொத்தலாவலவும் இதே சிக்கலில் உடன்பாடு ஒன்றைச் செய்திருக்கிறார்கள். அதில் இந்தியா எவ்வளவு விட்டுக்கொடுத்தது, 1964இல் எவ்வளவு விட்டுக்கொடுத்தது என்று இரண்டையும் வரிவரியாக ஒப்பிட்டுக் காட்டினால்தான் உங்கள் வாதம் நிற்கும். நிற்காவிட்டால் வாதத்தை மாற்றுங்கள்; அதில் இழிவு ஒன்றும் இல்லை. மாணவர்களில் பலர் ஏதாவது ஒரு கட்சியிலோ இயக்கத்திலோ பற்றுள்ளவர்களாக வருகிறார்கள். அது நல்லது, ஈடுபாடு இல்லாமல் இந்தப் படிப்பு உப்பில்லாத சோறு. ஆனால் எதிர்த்தரப்பின் வாதத்தை, அந்தத் தரப்பினரே ஆம் என்று ஏற்கும்படி எழுதிக் காட்டிய பிறகே மறுக்கத் தொடங்குங்கள்.

பெற்றோரின் கேள்விக்கு

ஒன்றியக் குடிமைப்பணித் தேர்வில் அரசியல் அறிவியலும் பன்னாட்டு உறவுகளும் சேர்ந்த ஒரு விருப்பப்பாடம் இருக்கிறது. தலா 250 மதிப்பெண்ணில் இரண்டு தாள்கள். முதன்மைத் தேர்வைத் தமிழில் எழுதலாம். இந்திய வெளியுறவுப் பணிக்கும் அதே தேர்வுதான் வழி. கல்லூரி ஆசிரியருக்கான தகுதித் தேர்வுகளான தேசிய நெட் அல்லது மாநில செட்டில் தேர்ச்சி பெற்றால் கல்லூரி ஆசிரியராகலாம். சட்டம், இதழியல், ஆய்வு நிறுவனங்கள், தொண்டு நிறுவனங்கள், தொழிற்சங்கப் பணி என்று வேறு பாதைகளும் உண்டு. குடிமைப்பணி விருப்பம் உள்ளவர்களுக்கும் நான் சொல்வது, பட்டப்படிப்பைப் பயிற்சி மையத்தின் முதல் வகுப்பாக ஆக்கிவிட வேண்டாம் என்பதே. குறிப்பேடுகளிலிருந்து விடையைப் பொறுக்கிப் பழகியவர், குறிப்பேட்டில் இல்லாத கேள்வி வந்தால் கைவிரிக்கிறார். குன்னூர்க் கடைவீதியில் வெலிங்டன் முப்படைக் கல்லூரிக்குப் படிக்க வந்திருக்கும் வெளிநாட்டு அதிகாரிகள் குடும்பத்தோடு காய்கறி வாங்குவதைப் பார்த்திருப்பீர்கள். நட்பு நாடுகளின் அதிகாரிகளுக்கு ஓராண்டு இடம் கொடுப்பதும் வெளியுறவுக் கொள்கைதான் என்று உங்களுக்குத் தானாகத் தோன்றுமானால், நீங்கள் சரியாகப் படித்துக்கொண்டிருக்கிறீர்கள்.

சேர்வதற்கு முன்பு ஒரு வேலை

தேர்வு முடிவுக்கும் கல்லூரி திறப்புக்கும் இடையில் சில வாரங்கள் இருக்கும். அதற்குள் 1964 கடிதப் பரிமாற்றத்தின் வாசகத்தைத் தேடி எடுத்து, ஒரே அமர்வில் படியுங்கள், மிகச் சுருக்கமானதுதான். பதினைந்து ஆண்டுக் கால அட்டவணையைப் பற்றியும், போகிறவர்கள் எடுத்துச் செல்லக்கூடிய சேமநிதி, பணிக்கொடையைப் பற்றியும் அதில் எழுதியிருப்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு வீட்டிலோ அண்டை லைனிலோ ஒப்பந்தத்தில் வந்த பெரியவர் ஒருவரிடம் உட்கார்ந்து, புறப்பட்ட நாளில் என்ன எடுத்து வந்தீர்கள், எதை விட்டு வந்தீர்கள் என்று கேட்டு, அவர் சொன்னதை அவர் சொற்களிலேயே எழுதுங்கள். இரண்டையும் அருகருகே வைத்து, அவர் சொன்னவற்றில் எவை அந்தக் கடிதங்களில் ஒரு வரியாகக்கூட இல்லை என்று ஒரு பக்கம் எழுதி, கல்லூரிக்குப் போகும்போது பையில் எடுத்துச் செல்லுங்கள்.